நல்ல மார்க்குக்குப் பாதி பிரீமியமா?

ஒருவர், "அமெரிக்காவில் பிள்ளை 3.0 ஜிபிஏ (4-க்குக் கணக்கிடும் மார்க் சராசரி) எடுத்தால் கார் இன்சூரன்ஸ் பாதியாகிவிடும், அது சட்டம்" என்கிறார். அப்படி ஒரு மத்திய சட்டம் கிடையாது. 1945-இன் மெக்காரன்–ஃபெர்குசன் சட்டப்படி இன்சூரன்ஸ் மாநிலங்களின் பொறுப்பு. இந்தத் தள்ளுபடியும் பெரும்பாலும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஸ்டேட் ஃபார்ம் என்ற பெரிய இன்சூரன்ஸ் கம்பெனியின் விளம்பரத்திலேயே அதிகபட்சம் 25% என்றுதான் சொல்கிறார்கள். பாதியெல்லாம் பேராசை!

தானாகவும் வராது. மார்க் பட்டியலை அனுப்பி நீங்கள்தான் கேட்க வேண்டும். பொதுவாக 25 வயதுக்குக் கீழே, முழுநேர மாணவர், பி கிரேடு சராசரி (அதாவது அந்த 3.0) என்று பார்ப்பார்கள். அப்புறம், காரை வீட்டில் விட்டுவிட்டு 100 மைலுக்கு அப்பால் படிக்கப் போகும் பிள்ளைக்குப் பல கம்பெனிகளில் தனித் தள்ளுபடி உண்டு. ஏஜென்ட்டிடம் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.