"எழவு" என்றதற்குப் பட்டத்தைப் பிடித்து வைப்பதா?

மூன்று வாரமாக என் அண்ணன் மகள் கல்லூரி அலுவலக வாசலில் போய் நிற்கிறாள். வியாசர்பாடி ஜீவாவில் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பார்க் ஸ்டேஷனுக்கு நடந்து, அங்கிருந்து தாம்பரம் போய், அதற்கப்புறம் பஸ். போய்ச் சேர்ந்தால் "சார் மீட்டிங்ல இருக்கார், நாளைக்கு வாம்மா". வயிறு எரிகிறது.

அவள் செய்த குற்றம் இதுதான். பட்டமளிப்பு விழாவில் மாணவர் சார்பில் பேச மூன்று நிமிடம் கொடுத்தார்கள். "அஞ்சு வருஷம் கழிச்சு எங்க இருப்பேன்னு எல்லாரும் கேக்கறாங்க. எனக்கு என்ன எழவு தெரியும்? ஆனா எங்க இருந்தாலும் எங்க அப்பாவை ஆட்டோ ஓட்ட விடமாட்டேன்" என்றாள். அரங்கமே கை தட்டியது. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என் அண்ணன் அழுதுவிட்டான்.

மேடையில் கொடுப்பது வெறும் அட்டைதான், உள்ளே ஒன்றும் இருக்காது. நிஜப் பட்டத்தைக் கவுன்ட்டரில் வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கே போனால் இவள் பெயர் மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. மங்கல நிகழ்ச்சியில் அபசகுனமாகப் பேசினாளாம். "அநாகரிகமாகப் பேசிக் கல்லூரியின் பெயரைக் கெடுத்தேன்" என்று எழுதி, அப்பா கையெழுத்தோடு கொடுத்தால்தான் பட்டமாம்.

எழவு என்பது கெட்ட வார்த்தையா? கரண்ட் போனாலும், பால் பொங்கினாலும் என் பாட்டி வாயில் வருவது அதுதான். இழவு என்றால் இழப்பு, சாவு. திருக்குறளில் ஊழ் அதிகாரத்திலேயே "இழவூழ்" இருக்கிறது. சரி, கெட்ட வார்த்தை என்றே வைத்துக்கொள்வோம். அதே விழாவின் ஒத்திகையில் மைக்கில் பிள்ளைகளை "எருமை மாடுங்களா, வரிசையில நிக்கத் தெரியாதா" என்று கத்திய பெரியவர் யாரிடம் மன்னிப்புக் கடிதம் கொடுத்தார்? மூன்று வருடம் வகுப்பில் "நீயெல்லாம் எதுக்குப் படிக்க வர்ற" என்று கேட்டவர்களின் நாகரிகத்தை யார் அளந்தார்கள்? அவர்கள் பேசினால் கண்டிப்பு, அவள் பேசினால் ஒழுங்கீனமா?

2012ல் அமெரிக்காவின் ஓக்லஹோமாவிலும் இப்படித்தான் நடந்தது. பள்ளியில் முதலிடம் பெற்ற பெண், பட்டமளிப்பு உரையில் "ஹெல்" (நரகம்; நம்ம எழவு மாதிரி) என்று சொன்னதற்காக டிப்ளமாவைக் கொடுக்காமல் மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். ஊர் எதுவானாலும் இந்தப் புத்தி ஒன்றுதான்.

2024 மார்ச்சில் ஒரு இணையத் தொடர் வழக்கில், திட்டு வார்த்தை இருப்பதாலேயே அது ஆபாசம் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மாற்றுச் சான்றிதழ் என்பது கட்டண பாக்கி வசூலிக்கும் கருவி அல்ல என்று அதே ஆண்டு சென்னை உயர் நீதிமன்றம் பள்ளிகளுக்குச் சொன்னது. பாக்கிக்கே அப்படியென்றால், ஒரு பைசா பாக்கி இல்லாத பிள்ளையின் பட்டத்தை ஒரு வார்த்தைக்காகப் பூட்டி வைக்க இவர்கள் யார்? கண்டிக்க வேண்டுமா, கூப்பிட்டுக் கண்டியுங்கள். பட்டம் அவள் படித்து வாங்கியது. நன்னடத்தைக்கு நீங்கள் கொடுத்த பரிசு அல்ல.

சிறுசேரியில் வேலை கிடைத்திருக்கிறது. பட்டத்தைக் காட்டாமல் சேர முடியாது. அது தெரிந்துதான் இழுத்தடிக்கிறார்கள். அண்ணன் பயந்துபோய், "ஒரு கையெழுத்துதானேம்மா, போட்டுடலாம்" என்கிறான். தன் மகள் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்ன பேச்சுக்கு, அவனே தப்பு என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். இதைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை.

நாளைக்கு நானும் அவளோடு போகிறேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2023 விதிப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அந்தக் குழுவுக்கு ஒரு மனு, பல்கலைக்கழகத்துக்கு ஒரு நகல், இரண்டும் எழுதியாகிவிட்டது. பெற்றுக்கொண்டதற்கு முத்திரை குத்தித் தரும்வரை அந்த வாசலை விட்டு நகர மாட்டேன்.