கூலன்ட் கேனும் கொடுத்த கடனும்

(பழைய லாரி ஒன்றின் பேனட் திறந்து கிடக்கிறது. மாமா கையில் ஒரு காலி ஜூஸ் பாட்டில். மாப்பிள்ளை கையில் டார்ச்.)

மாப்பிள்ளை: மாமா, நிஜமாகவே இதையா ரேடியேட்டருக்குக் கட்டப்போகிறீர்கள்?

மாமா: ஏன், இதற்கு என்ன குறைச்சல்? உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும், அதைவிட முக்கியம், செலவு கிடையாது. இப்போது வருகிற வண்டிக்கெல்லாம் கம்பெனிக்காரனே, வழிகிற கூலன்டை, அதாவது எஞ்சினைக் குளிர வைக்கிற திரவத்தை, பிடித்துவைக்க ஒரு டப்பா வைத்துக் கொடுக்கிறான். இந்த வண்டி வந்த காலத்தில் ஓவர்ஃப்ளோ டியூபை, ரேடியேட்டரில் வழிவதை வெளியே விடுகிற குழாயை, நேரே ரோட்டைப் பார்த்து விட்டுவிட்டான். சூடானால் கூலன்ட் விரியும், விரிந்தது ரோட்டுக்குப் போகும், மறுநாள் நான் வாங்கி ஊற்றுவேன். இப்படியே பாதிச் சம்பாத்தியத்தை ரோட்டுக்குத் தெளித்திருக்கிறேன், ஒருத்தர் நன்றி சொன்னதில்லை.

மாப்பிள்ளை: நன்றியா! கூலன்டில் இருக்கிற எத்திலீன் கிளைக்கால் விஷம் மாமா, இனிப்பாக வேறு இருக்கும். நாய் நக்கினால் அவ்வளவுதான். நீங்கள் ஊற்றுவது ஆரஞ்சு நிறக் கூலன்ட், பாட்டிலில் ஒட்டியிருப்பது ஆரஞ்சுப் பழம். யாராவது தாகத்தில் எடுத்துக் குடித்துவிட்டால் என்ன செய்வீர்கள்?

மாமா: படத்தைக் கிழித்துவிட்டால்?

மாப்பிள்ளை: கிழித்தாலும் தாங்காது. இந்த மெல்லிய பிளாஸ்டிக் 70, 80 டிகிரியிலேயே குழைய ஆரம்பிக்கும். ரேடியேட்டரிலிருந்து அதைவிடச் சூடாக வரும். வெந்நீர் ஊற்றிப் பாருங்கள்.

(மாமா ஊற்றுகிறார். பாட்டில் இடுப்பு சுருங்கி, மெதுவாக முன்பக்கம் குனிகிறது.)

மாமா: மரியாதை தெரிந்த பாட்டில். வணக்கம் சொல்கிறது.

மாப்பிள்ளை: கூலன்ட் வாங்கின கேன் சும்மாதானே கிடக்கிறது? கெட்டிப் பிளாஸ்டிக், விஷம் என்று அச்சடித்தே இருக்கிறது, அதில் வந்த சரக்கு அதிலேயே இருந்துவிட்டுப் போகட்டும். உங்கள் வண்டிக்கு மொத்தம் 15 லிட்டர் என்றால் சூட்டில் நூற்றுக்கு நாலைந்து பங்கு விரியும், அதாவது முக்கால் லிட்டருக்குள். வண்டி ஆறியிருக்கும்போது கேனில் கால்வாசி இருந்தால் போதும், மிச்ச இடம் விரிந்து வருவதற்கு.

மாமா: சரி, கட்டிவிட்டேன். மூடியைச் சுற்றிப் பசை வைத்து அடைத்தாகிவிட்டது, எறும்புகூட நுழையாது.

மாப்பிள்ளை: அடைத்தால் எப்படி மாமா? கூலன்ட் உள்ளே வந்தால் காற்று வெளியே போக வேண்டாமா? மூடியில் ஒரு சின்ன ஓட்டை போடுங்கள். அப்புறம் டியூப் ஏன் வாயோடு நிற்கிறது? அடிவரைக்கும் போக வேண்டும், எந்நேரமும் கூலன்டில் முங்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆறும்போது ரேடியேட்டர் கூலன்டைத் திரும்ப இழுக்கப் பார்த்தால் காற்றைத்தான் இழுக்கும். நுனியைச் சாய்வாக வெட்டுங்கள், நேராக வெட்டினால் கேனின் அடியில் ஒட்டி அடைத்துக்கொள்ளும். கேனையும் அந்தப் பக்கம் தள்ளிக் கட்டுங்கள், சைலன்சர் குழாய்க்கும் ஃபேனுக்கும் நடுவில் வைத்திருக்கிறீர்களே, ஒன்று உருகும், இல்லை வெட்டுப்படும்.

(எஞ்சின் ஓடுகிறது. கேனில் மட்டம் ஏறுகிறது. அணைத்து, வெகுநேரம் கழித்து…)

மாமா: ஏறினது ஏறினபடியே நிற்கிறது மாப்பிள்ளை. இந்த ரேடியேட்டரும் என்னை மாதிரிதான், கொடுத்ததை வாங்கத் தெரியவில்லை. உன் அப்பாவுக்குக் கொடுத்த கைமாற்று ஞாபகம் வருகிறது.

மாப்பிள்ளை: (அவசரமாக) தப்பு கேனில் இல்லை மாமா, ரேடியேட்டர் மூடியில். ஐயோ, திறக்காதீர்கள்! மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், இன்னும் வெதுவெதுப்பாக இருக்கிறது. துணி போட்டுத் திறந்தாலும் முகத்தில் அடிக்கலாம்.

(நன்றாக ஆறிய பிறகு திறந்து, மூடியைக் கவிழ்த்துப் பார்க்கிறார்கள்.)

மாப்பிள்ளை: பாருங்கள், ஸ்பிரிங்குக்குக் கீழே மட்டும்தான் ரப்பர். மேல் விளிம்பில் ரப்பரே இல்லை. ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகிறது, அது கேனிலிருந்து இழுக்காமல் விளிம்பு வழியாகக் காற்றை இழுத்துக்கொள்கிறது, அதுதானே சுலபம். கேன் வைத்த வண்டிக்கு மேலேயும் கீழேயும் ரப்பர் இருக்கிற மூடி வேண்டும், நடுவில் ஆறும்போது திறக்கிற குட்டி வால்வும் வேண்டும்.

மாமா: வாங்குவதுதான் வாங்குகிறோம், இதில் அழுத்தம் 7 பிஎஸ்ஐ என்று போட்டிருக்கிறது, 15 வாங்கிவிடலாமா? விலை ஒன்றுதான்.

மாப்பிள்ளை: வேண்டவே வேண்டாம். ஒரு பிஎஸ்ஐக்குக் கொதிநிலை ஒன்றரை டிகிரி போல ஏறும், உண்மைதான். ஆனால் அந்த அழுத்தத்தை உங்கள் ரேடியேட்டரின் பழைய ஈயப் பற்றும் ஹோஸும் தாங்க வேண்டுமே. அதே 7.

(புது மூடி. ரேடியேட்டர் கழுத்து வரைக்கும் கூலன்ட். கேனில் பேனாவால் ஒரு கோடு. மறுபடி ஓட்டம், மறுபடி காத்திருப்பு.)

மாமா: மாப்பிள்ளை, இறங்குகிறது! கோட்டுக்கு வந்துவிட்டது! ஏறினது அப்படியே திரும்பிப் போய்விட்டது!

மாப்பிள்ளை: நான்தான் சொன்னேனே.

மாமா: ஆக, கொடுக்கிறவனிடம் குற்றமில்லை, வாங்குகிறவனிடமும் குற்றமில்லை, சரியான மூடி போட்டால் தானாகத் திரும்பி வரும். இதே மாதிரி மூடி உன் அப்பா சைஸுக்குக் கிடைக்குமா?

மாப்பிள்ளை: மாமா, அந்த ஃபேன் பெல்ட் ஓரத்தில் ஏதோ விரிசல் மாதிரித் தெரிகிறதே, முதலில் அதைப் பாருங்கள்.