மூன்று நாள் போதுமா?
மூன்று நாள் கணக்கெடுப்பில் அரிய பாலூட்டி எதுவும் தென்படவில்லை, ஆகவே அந்தப் பாதுகாக்கப்பட்ட நிலத்தில் அவை இல்லை என்று உங்கள் கட்டுரை முடிவு கட்டுவது அவசரம். அசைவு தெரிந்தால் தானாகப் படமெடுக்கும் கேமராவில் ஒரு விலங்கு ஓர் இரவில் பதிவாகும் வாய்ப்பு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 இரவுகள் காத்திருந்தாலும் அது சிக்காமலே போக ஏறக்குறைய 35 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 30 இரவுகளில்தான் அந்த வாய்ப்பு 4 சதவீதமாகக் குறையும். கேமராவுக்கு எதிரே ஒரு புல்லைக் கிள்ளாமல் விட்டால் போதும், காற்றில் ஆடியே மெமரி கார்டை நிரப்பிவிடும் (பட்டிருக்கிறேன்). விலங்கு கண்ணில் படாவிட்டாலும் தடயம் இருக்கலாம்; நீர்நாயைத் தேடுபவர்கள் முதலில் நீர்நாயையா பார்க்கிறார்கள்? கரைப் பாறையில் மீன் செதிள் கலந்து கிடக்கும் எச்சத்தைத்தான். இன்னொன்று, கட்டுரையில் கழுகுக் கூட்டின் இடத்தை வரைபடத்தோடு போட்டிருக்கிறீர்களே, முட்டை திருடுபவர்களும் இதைப் படிப்பார்கள். தயவுசெய்து உடனே நீக்கிவிடுங்கள்.