ஸ்னூப்பிங்கை அணைக்காதீர்கள், குவெரியரைப் பாருங்கள்
மல்டிகாஸ்ட் வீடியோ (ஒரே ஓடையைப் பல கணினிகளுக்கு ஒருசேர அனுப்புவது) நாலு நிமிடம் ஓடி நின்றுபோனால் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்தான் கோளாறு, அதை அணைத்துவிடுங்கள் என்று சொல்வது தப்பு. எந்த மல்டிகாஸ்ட் குழு, அதாவது எந்த ஓடை, வேண்டும் என்று கணினிகள் அனுப்பும் ஐஜிஎம்பி அறிவிப்புகளை ஸ்விட்ச் ஒட்டுக்கேட்டு, கேட்ட போர்ட்டுக்கு மட்டும் அனுப்புவதுதான் ஸ்னூப்பிங், அவ்வளவுதான். எந்தக் குழு வேண்டும் என்று கணினிகளை அவ்வப்போது கேட்க அந்த விலானில் (ஸ்விட்சில் தனியாகப் பிரித்த நெட்வொர்க்கில்) ஒரு குவெரியர் இருக்க வேண்டும், வழக்கமாக அது ரவுட்டர், இயல்பாக 125 விநாடிக்கு ஒருமுறை கேட்கும். கேட்க ஆளில்லாவிட்டால் சேரும்போது அனுப்பிய அறிவிப்போடு கணினிகள் சும்மா இருந்துவிடும், ஸ்விட்ச் சுமார் 260 விநாடியில் அந்தப் பதிவை அழித்துவிடும், வீடியோவும் நின்றுவிடும். அந்த நாலு நிமிடக் கணக்கு இதுதான்! ரவுட்டர் இல்லையென்றால் ஸ்விட்சிலேயே குவெரியரை இயக்குங்கள், பெரும்பாலான மேனேஜ்டு ஸ்விட்சுகளில் அந்த வசதி உண்டு. ஸ்னூப்பிங்கை அணைத்தால் வீடியோ ஓடும், சரி, ஆனால் பிரிண்டர் வரை எல்லாப் போர்ட்டிலும் கொட்டும்.