காரோடு வரும் திரை என்றால் பாதுகாப்பா?
பாட்டு, வரைபடம், வீடியோ எல்லாம் காட்டும், காரில் பூட்டியே வரும் தொடுதிரை கண்ணுக்கு நேரே இருப்பதால் கைபேசியைவிடப் பாதுகாப்பானது என்று கட்டுரையில் சொல்லியிருப்பதை அப்படியே ஏற்க முடியவில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் கார் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீட்டர் போய்விடும். பாட்டு மாற்ற இரண்டு செக்கன் திரையைப் பார்த்தால் 33 மீட்டர். இரவில் கந்தளாய்ப் பக்கமிருந்து திருகோணமலைக்கு வருபவர்களுக்குத் தெரியும், ரோட்டில் படுத்திருக்கும் மாடு கண்ணில் படுவதே அவ்வளவு கிட்டத்தில்தான். மேலே கருத்து எழுதிய ஒருவர், குரலாலேயே இயக்கலாமே என்று கேட்டிருக்கிறார். சரி, ஆனால் இங்கே ஓடும் ஏராளமான கார்கள் ஜப்பானில் பாவித்தவை. மெனு முழுக்க ஜப்பானிய எழுத்து, வரைபடமும் அந்த நாட்டினுடையது, நம் பேச்சு அந்த செட்டுக்கு விளங்காது. அதனால்தான் பலர் கடையில் ஆண்ட்ராய்டு பிளேயர் (கைபேசி போல இயங்கும் தொடுதிரை செட்) வாங்கி மாட்டுகிறார்கள். எனக்குக் கவலையே அங்கேதான். ஹாண்ட்பிரேக் போட்டிருந்தால் மட்டும் வீடியோ ஓட வேண்டும் என்பதற்காக அதில் ஒரு வயர் வரும். அதை ஹாண்ட்பிரேக்கோடு இணைக்காமல், கொண்டுபோய் காரின் இரும்பு பொடியில் (body) எர்த் பண்ணிவிடுகிறார்கள். பிறகு ஹாண்ட்பிரேக் போட்டிருப்பதாகவே செட் எடுத்துக்கொள்ளும், ஓடும்போதும் படம் தெரியும். என் மகனின் காரில் அப்படிச் செய்திருந்ததைத் திரும்ப முறையாகப் பூட்ட வைத்தேன், சின்ன வேலைதான். போகுமிடத்தைப் புறப்படும் முன்பே போட்டுவிடுங்கள், சத்தத்தை ஸ்டியரிங் பட்டனில் கூட்டிக் குறையுங்கள், மற்றதைப் பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும். தனியே போனால் ஓரமாக நிறுத்திவிட்டுத் தொடுங்கள். கட்டுரையாளர் இந்த வயர் விஷயத்தையும் கட்டாயம் சேர்த்து எழுத வேண்டும்.