பட்டாவுக்குப் போகும் பணம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மேற்கே கிடக்கும் வயல்களில் பெரும்பாலானவை மானாவாரி. புழுதியில் நெல்லை விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்க வேண்டியதுதான். கடலை ஒட்டிய பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பு என்பதால் கிணறு வெட்டியும் பயனில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்த மழை மார்கழியில் ஒதுங்கிக்கொண்டால், கதிர் பால் பிடிக்காமல் சாவியாகி, வெறும் பதராக நின்றுவிடும். இப்படிப்பட்ட மண்ணில் அரசு கொடுக்கும் பணம் யார் கைக்குப் போய்ச் சேர்கிறது என்பதைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை.

சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் மலேசியாவுக்கும் பிழைக்கப் போன குடும்பங்களின் நிலம் இங்கே வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு என்ற பேச்சில், விடப்படுகிறது. விதை, உரம், டிராக்டர் வாடகை, களையெடுப்புக் கூலி ஆகியவற்றில் பெரும்பகுதி வாரத்துக்கு உழுபவர் தலையில் விழுகிறது. ஆனால் 2019இல் தொடங்கிய பிரதமரின் கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக, நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர் கணக்குக்கே போகிறது. அது போகட்டும், அதை உரிமையாளரிடமிருந்து பிடுங்கச் சொல்ல நான் வரவில்லை.

எனக்கு உறுத்துவது நிவாரணமும் காப்பீடும்தான். 33 சதவீதத்துக்கு மேல் பயிர் சேதமானால், மத்திய அரசின் பேரிடர் நிவாரண விதிப்படி மானாவாரிப் பயிருக்கு ஹெக்டேருக்கு 8,500 ரூபாய். (நம் ஊரில் யார் ஹெக்டேரில் பேசுகிறார்கள்? ஏக்கருக்குச் சுமார் 3,400 என்று வைத்துக்கொள்ளுங்கள்.) நட்டத்தை ஈடுகட்டவென்றே தரப்படும் இந்தப் பணமும் பட்டாவைப் பார்த்தே நடக்கிறது. பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் வாரதாரரும் சேரலாம் என்று விதி சொல்கிறது. சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் கட்டினால் போதும். ஆனால் அடங்கலில், அதாவது கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் பயிர்க் கணக்கில், தன் பெயர் இல்லாதவர், இன்னொருவர் நிலத்தில் பயிரிட்டிருப்பதை எதைக் காட்டி நிரூபிப்பார்? நிவாரணம் வந்ததும் பாதியை எடுத்துக் கொடுக்கும் உரிமையாளர்களும் இருக்கிறார்கள். அது அவர்களுடைய நல்ல குணம். உழுதவருக்கு உள்ள உரிமை அல்ல.

உரிமையாளர்களைக் கெட்டவர்களாகச் சித்திரிப்பதும் நியாயமில்லை. 1955ஆம் ஆண்டின் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் உழுபவரைக் காக்கவே வந்தன. ஆனால் ஒருமுறை பெயரை எழுதிக் கொடுத்தால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சத்தில், எல்லாமே வாய்மொழி ஏற்பாடாக நின்றுவிட்டது.

ஆந்திரம் 2019இல் ஒரு வழி கண்டது. உரிமையாளரின் உரிமைக்குப் பங்கம் வராமல், பயிரிடுபவருக்குப் பதினொரு மாதங்களுக்கு மட்டும் செல்லும் சாகுபடியாளர் அட்டையைக் கொடுத்தார்கள். அதற்கும் உரிமையாளரின் கையொப்பம் தேவைப்பட்டதால் பலருக்கு அட்டை கிடைக்கவில்லை. நாம் அந்த அட்டையை எடுத்துக்கொண்டு, கையொப்பத்தை விட்டுவிடலாம். டிஜிட்டல் பயிர்க் கணக்கெடுப்பில் புல எண் வாரியாக வயலுக்கே போய்ப் படம் எடுக்கிறார்கள். என்ன பயிர் என்று பதிவதோடு, பக்கத்து வயல்காரர் இருவரைச் சாட்சியாக வைத்து, யார் பயிரிட்டார் என்பதையும் அந்த ஒரு பருவத்துக்கு மட்டும் பதியலாம். விவசாயிகளுக்கான தனி அடையாள எண்ணையும் நில ஆவணத்தோடு இணைத்தே இப்போது கொடுத்துவருகிறார்கள். அந்தப் பணி முடிவதற்குள் வாரதாரருக்கும் அதில் ஓர் இடம் ஒதுக்க வேண்டும்.