வாளும் செய்யுளும் ஒரே மூச்சில்

மேடை நாடகத்தைத் திரைக்குக் கொண்டுவருகிறவர்கள் முதலில் கை வைப்பது வசனத்தில்தான். 1990இல் வெளிவந்த 'சிரானோ த பெர்ஜராக்' என்ற பிரெஞ்சுப் படத்தை அண்மையில் மறுபடியும் பார்த்தபோது, அந்த வழக்கத்துக்குப் பணியாததுதான் அதன் பலம் என்று உறுதியாகத் தோன்றியது. எட்மோன் ரோஸ்தான் எழுதி 1897 டிசம்பரில் பாரிஸில் அரங்கேறிய, படத்துக்கு மூலமான அந்த நாடகம், பெரும்பாலும் அடிக்கு 12 அசை கொண்டு ஈற்றில் இயையும் செய்யுளால் ஆனது. இயக்குநர் ராப்னோவும் அவருடன் திரைக்கதை எழுதிய காரியேரும் அதைச் சுருக்கினார்களே தவிர, உரைநடையாக மாற்றவில்லை. நாயகன் சிரானோவாக நடிக்கும் தெபார்தியுவோ அந்த அடிகளை ஒப்பிக்காமல், சீறியும் சிரித்தும் மூச்சு வாங்கியும் பேசுகிறார். கான் திரைப்பட விழாவில் அவருக்குக் கிடைத்த சிறந்த நடிகர் விருது இதற்காகவே தகும்.

1640ஆம் ஆண்டின் பாரிஸ் நாடக அரங்கில் நிகழும் முதல் வாட்சண்டையைப் பாருங்கள். 'உமது மூக்கு மிகப் பெரியது' என்பதற்கு மேல் ஏளனம் செய்யத் தெரியாத ஒரு பிரபுவுக்கு, தன் மூக்கை எத்தனை விதமாகக் கேலி செய்திருக்கலாம் என்று சிரானோவே பாடம் நடத்துகிறான்; பிறகு வாளை உருவி, சண்டையிட்டபடியே ஒரு பாடலை இயற்றி, அதன் கடைசி அடியில் குத்துவேன் என்று முன்னறிவித்து, சொன்னபடி குத்துகிறான். அங்கே செய்யுளை நீக்கினால் சண்டைக்கே உயிரில்லை. நூறு பேரை அவன் தனியாக எதிர்கொண்ட கதையை நாடகம் சொல்லோடு விட்டுவிட, படம் அந்த இரவுச் சண்டையைக் கண்ணெதிரே நடத்திக் காட்டுகிறது. மேடைக்கு எட்டாததை மட்டும் சேர்க்கிற இந்த அடக்கம் எனக்குப் பிடித்திருந்தது. (திரையின் அடியில் வரும் வசன வரிகளை ஆங்கிலத்தில் எழுதிய நாவலாசிரியர் ஆந்தனி பர்ஜஸும் செய்யுளாகவே எழுதினார் என்பது என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி.)

குறை இல்லாமல் இல்லை. அழகன் கிறிஸ்தியானுக்காக, அவளைத் தானும் மறைவாகக் காதலிக்கும் சிரானோ எழுதித் தரும் காதல் கடிதங்களில் மயங்கும் ரொக்ஸான், அவற்றை எழுதியவன் யார் என்று இத்தனை காலம் ஐயுறாமலா இருப்பாள் என்ற கேள்வி படம் நெடுகிலும் எனக்கு உறுத்தியது. ஆனால் பதினைந்து ஆண்டுகள் கழித்து, கன்னியர் மடத்துத் தோட்டத்தில், அவள் பாதுகாத்து வைத்திருந்த கடைசிக் கடிதத்தை வாங்கிச் சிரானோ உரக்கப் படிக்கிறான். பொழுது சாய்ந்து எழுத்தே தெரியாத இருட்டிலும் அவன் குரல் தடையின்றித் தொடர்கிறபோது, ரொக்ஸான் மெல்லத் தலைநிமிர்ந்து அவனைப் பார்க்கிறாள்.